தெருப்பூனைகளைப் பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாமா, கருத்தடைதான் வழியா?

தொலைவில் கொண்டுபோய் விடாதீர்கள். உங்கள் குடியிருப்பில் பூனைகள் கூடுவதற்குக் காரணம் அங்கே கிடைக்கும் தீனியும் பதுங்க இடமும்தான். பூனைகளை அகற்றினால் அந்த இரண்டும் அப்படியே இருக்கும். அக்கம்பக்கத்துப் பூனைகள் வந்து குடியேறும். விடப்பட்ட பூனைக்கோ புது இடத்தில் தீனி எங்கே, எதிரி எங்கே என்று எதுவும் தெரியாது. பழைய இடம் தேடிக் கிளம்பி வண்டியில் அடிபடவும் கூடும்.

கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுவதைத்தான் நான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பலர் இதைத் தொடங்கிவிட்டுப் பலனில்லை என்று கைவிடுகிறார்கள். விசாரித்தால், மாதத்துக்கு ஒன்று என்று சாவகாசமாகச் செய்திருப்பார்கள். பெட்டைப் பூனை நான்கைந்து மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகும். நீங்கள் ஒன்றை முடிப்பதற்குள் இன்னொன்று நான்கு குட்டி போட்டுவிடும். கூட்டத்தில் முக்கால் பங்குக்கும் குறையாமல், முடிந்தால் எல்லாவற்றுக்கும், சில வாரங்களுக்குள் செய்து முடிக்க வேண்டும். பணமோ ஆளோ போதாதென்றால் பெட்டைகளுக்கே முதலிடம் கொடுங்கள். ஒரே ஒரு கடுவன் மிஞ்சினாலும் அத்தனை பெட்டைகளையும் சினையாக்கிவிடும்.

பிடிப்பதுதான் பெரிய வேலை. அதற்கும் முன்னால், தீனி வைப்பவர்கள் எல்லோரையும் பேசிச் சரிக்கட்டுங்கள். பூனைகளைவிட இவர்களைச் சமாளிப்பது கடினம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தீனி வையுங்கள். கூண்டின் கதவைக் கட்டித் திறந்தபடி வைத்து, சில நாள் அதற்குள்ளேயே சாப்பிடப் பழக்குங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் யாரும் தீனி வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பிடிக்கும் நாளன்று மணம் தூக்கும் மீனைக் கூண்டின் கடைக்கோடியில் வைத்தால் போதும். பூனை சிக்கியவுடன் கூண்டைத் துணியால் முழுவதும் மூடுங்கள். இருட்டானால் முட்டி மோதுவது அடங்கிவிடும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கடித்தால் புண் சீழ் பிடிக்கும், ரேபிஸ் அச்சமும் உண்டு.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: கரையும் தையல் போட வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும், மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை நேராக வெட்டிவிட வேண்டும். காது வெட்டு பார்ப்பதற்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிவதால், அதே பூனையை மறுபடி பிடித்து மயக்க மருந்து கொடுக்கும் அபாயம் இல்லை. கடுவனை மறுநாளே விடலாம். பெட்டையை இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்ப்பது நல்லது. பால் கொடுக்கும் தாயாக இருந்தால் மயக்கம் முழுதாகத் தெளிந்ததும் குட்டிகளிடம் சேர்த்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் மனிதரோடு எளிதில் பழகும். பால்குடி மறந்து தீனி தின்னத் தொடங்கியதும் அவற்றுக்கு வீடு தேடுங்கள்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கருத்தடை செய்த பூனையும் பறவை பிடிக்கும். அரிய பறவைகள் தரையில் கூடு கட்டும் தீவிலோ சரணாலயத்தின் ஓரத்திலோ பூனைகளைத் திரும்ப விடுவதை என்னால் ஆதரிக்க முடியாது. குடியிருப்புகளின் நிலை வேறு.

எண்ணிக்கை உடனே குறையாது. இருப்பவை மூப்படைந்து போகும்போதுதான் குறையும். ஆனால் இரவுச் சண்டையும் அலறலும் சிறுநீர் நெடியும் சில வாரங்களிலேயே தணியும். கடுவனுக்கு அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினையாக்கும் திறன் இருக்கும் என்பதால், இடையில் எங்காவது குட்டி பிறந்தால் மருத்துவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். காது வெட்டப்படாத புதுப்பூனை தீனிக்கு வந்தால் அந்த மாதமே பிடித்துவிடுங்கள். கூண்டை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டாம்.