குவார்ட்டர்ஸும் சொந்த ஊரும்

வணக்கம் ஐயா,

ரயில்வே காலனிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலியில், பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் டவுன்ஷிப்பில். அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர். ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைத்துவிட்டுத் திருச்சிக்கு வந்துவிட்டோம். "சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால் திணறுகிறேன். அப்பாவின் ஊர் கும்பகோணம் பக்கம். அங்கே எனக்கு ஒரு தெரு கூடத் தெரியாது.

போன மாதம் நெய்வேலி போனபோது எங்கள் பழைய வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே வேறு குடும்பம், குக்கர் விசில் சத்தம். கொல்லையில் இருந்த முருங்கை 'தானே' என்ற புயலில் விழுந்துவிட்டது. அப்பா நட்ட பலா மட்டும் தப்பித்துக் காய்த்துத் தொங்குகிறது. ஒரு பழம் கேட்கக் கூச்சமாக இருந்தது, வந்துவிட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது இருபது நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு மலையாள அத்தை இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. "அது ஊரே இல்லை, கம்பெனி கொடுத்த இடம். வேலை முடிந்தால் உறவும் முடிந்தது" என்கிறார் என் கணவர். அப்படித்தானா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

யாரும் கொடுக்காமல் தானாக வந்த ஊர் எது என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். காவிரிக்கரை அக்கிரகாரங்களில் பல, ராஜாக்கள் தானம் கொடுத்தவை. அவர்களிடம் செப்பேடு இருந்தது, உங்கள் அப்பாவிடம் அலாட்மெண்ட் ஆர்டர் இருந்தது. அவர்களைக் காலி பண்ணச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நெய்வேலி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். கோடை விடுமுறை முழுக்க அவள் வீட்டில்தான் கிடப்பேன். முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்ட சட்டம், பகலில் வாசலில் கத்தக்கூடாது என்பது. "அந்த வீட்டு மாமா நைட் ஷிப்ட், தூங்குறார்." பந்து எந்த வீட்டுப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் அட்டவணையே மனப்பாடம். ஷிப்ட் மாறினால் ஆட்டமும் இடம் மாறும். யார் வீட்டு ஆண் எப்போது தூங்குகிறான் என்பது தெரு முழுக்கத் தெரிந்திருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று லெக்கோ. பழுப்பு நிலக்கரியைக் கரியாக்கி நிறுவனம் விற்ற கட்டிகள். பற்றிக்கொள்ள நேரமாகும், பற்றினால் புகையில்லாமல் நின்று எரியும். அதனால் எந்த வீட்டு அடுப்பு முதலில் கனிகிறதோ அங்கிருந்து இரும்புக் கரண்டியில் இரண்டு துண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். போன கரண்டி சும்மா திரும்பாது, மேலே ஒரு கிண்ணம் குழம்போ நாலு வடையோ உட்கார்ந்து வரும். கேஸ் வந்ததும் கரண்டி நின்றுபோனது. குழம்பு நிற்கவில்லை.

இந்த ஒட்டுறவை எல்லாரும் நல்லவர்களாக இருந்ததால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் துளை போட்டபோது கரிய மண் வந்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது, அடுத்த மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-ல் சோவியத் உதவியுடன் மின்சாரம். இத்தனை வேலைக்கும் ஆள் வந்தது தஞ்சாவூர், திருநெல்வேலி, கேரளா, ஆந்திரா என்று பல திசைகளிலிருந்து. பிரசவம் பார்க்க மாமியார் பக்கத்தில் இல்லை, அவசரத்துக்குக் கூப்பிடத் தம்பி இல்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் அத்தை. உங்கள் மலையாள அத்தைக்கும் உங்கள் அம்மாதான் அங்கே சொந்தம். தேவையில் பிறந்த உறவு என்பதால் பொய்யாகிவிடாது. ரத்த உறவில் மட்டும் எத்தனை பேர் இருபது நாள் சமைத்துப் போடுகிறார்கள்?

சரி, உங்கள் பக்கம் பேசியாயிற்று. இனி கொஞ்சம் கசப்பு.

அந்த அழகான பிளாக்குகளில் யாருக்கு எத்தனை அறை என்பதை கிரேடு முடிவு செய்தது. ஆபீசர் வீட்டுக்கும் ஃபிட்டர் வீட்டுக்கும் நடுவில் குழம்புக் கிண்ணம் எத்தனை முறை போயிருக்கும்? ஒப்பந்தத் தொழிலாளியோ பெரும்பாலும் மந்தாரக்குப்பத்திலிருந்தோ சுற்றுக் கிராமத்திலிருந்தோ சைக்கிளில் வந்து போனவர். அவர் உங்கள் தெருக் கணக்கிலேயே வரமாட்டார். சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அப்படி இறைத்த நீரில் டவுன்ஷிப் குழாய்கள் நிறைந்தன. எங்கள் கிணறு இறங்கிவிட்டது என்று சுற்றியிருந்த விவசாயிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நிலப் பிரச்சினை இன்றும் ஓயவில்லை. 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் கதிர் வந்த வயலில் நிறுவனத்தின் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு நிச்சயம் போயிருப்பீர்கள். டவுன்ஷிப்புக்குள் இருக்கிற கோயிலுக்கு ஏன் 'பட்டு' என்று ஒரு கிராமத்தின் பெயர் என்று சிறுவயதில் நான் யோசித்ததே இல்லை. ஒரு பங்குனி உத்திரத்தன்று காவடிக் கூட்டத்தில் என் அக்கா ஒரு கிழவிக்கு மோர் கொடுத்தாள். குடித்து முடித்த கிழவி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தார் ரோட்டைக் கையால் காட்டி, "எங்க களம் இங்கதாம்மா இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் சொன்னாள். அக்கா என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

உங்களுக்காவது சாவியை ஒப்படைக்க ஒரு தேதி இருந்தது, கையில் பணிக்கொடை இருந்தது. நின்று பார்க்க வீடும் அங்கேயே இருக்கிறது. கிழவிக்கு ரோடுதான். உங்கள் ஏக்கத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நெய்வேலியை என் ஊர் என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தக் களத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்தப் பலா. அடுத்த முறை வாசலோடு திரும்பாதீர்கள், கதவைத் தட்டுங்கள். இந்த மரம் எங்கள் அப்பா வைத்தது என்று சொன்னால் போதும், கத்திக்கு எண்ணெய் தடவி உட்கார்ந்துவிடுவார்கள். பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் ஒரு முழுப் பலாவைத் தனியாகத் தின்ன மாட்டார்கள். அதற்கு முன் உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது கொல்லையில் நின்றிருந்த முருங்கையை வைத்தது யார்?