எந்தத் தோட்டம்?

அன்புள்ள அக்கா,

என்னோடு வேலை செய்யும் ஜெர்மனி, ஜப்பான், கென்யா நண்பர்களுடன் தை மாதக் குளிரில் ஹப்புத்தளை போனேன். தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, தேயிலை முதலாளி லிப்டன் உட்கார்ந்து பார்த்த லிப்டன் சீட் உச்சி வரை ஏழு கிலோமீட்டரும் நடந்தே ஏறினோம். போகப் போக லிப்டன் கதையை அவர்களுக்குச் சொன்னேன். மேலே ஒரே மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. வழியில் கொழுந்தெடுத்த ஓர் அம்மா, "எந்தத் தோட்டம் புள்ள?" என்று கேட்டார். "கொழும்பு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். என் அப்பாயியும் பண்டாரவளைப் பக்கம் கொழுந்தெடுத்தவர்தான். நம் ஆட்கள் ஏன் ஆசைக்கு மலை ஏறுவதில்லை? தமிழில் இதைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகி

தங்கச்சி,

மூட்டத்துக்கு ஒரே வழி, விடியும்போது மேலே இருப்பது. மார்கழி, தையில் வடகீழ்ப் பருவக்காற்று ஊவாப் பக்கம் மழையைக் கொண்டுவந்து கொட்டும். வெயில் ஏற ஏறப் பள்ளத்து மூட்டமும் ஏறிவிடும். புத்தகப் பேச்சு இன்னொரு நாளைக்கு.

அந்த அம்மாவின் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நம் மலைகளில் "எந்த ஊர்" என்று கேட்பவர் குறைவு. தோட்டம், அதன் பிரிவான டிவிசன், வரிசை வீடான லயம், அவ்வளவுதான். சொல்லிப் பார், "அங்கேதானே எங்க சின்னம்மா மகளைக் கட்டிக் குடுத்தது" என்று அடுத்த வார்த்தை வரும். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசமில்லாமல், கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கே வந்த காலத்தில் வளர்ந்தவள் நான். தம்பிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் அங்கே மேசையில் பதினொரு நாள் கிடந்தது. எங்கள் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. 1948இல் நம் தோட்டத்து ஆட்களின் குடியுரிமை போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். இத்தனைக்குப் பிறகும் நம்மை நம் ஆள் என்று விசாரிக்க மிஞ்சிய கேள்வி அது. அதற்கா நீ கொழும்பு என்றாய்?

1890இல் அந்தத் தொழிற்சாலையைக் கட்டிய லிப்டனை ஸ்கொட்லாந்து வரை தேடிப் படித்துச் சொல்லியிருக்கிறாய். அப்பாயியைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஜப்பான் பிள்ளை கேட்டால் சிரித்துவிடுமென்று நினைத்தாயா? அப்பாயி பெயரைக் கேட்டிருக்கும், அதை எப்படி எழுதுவதென்றும் கேட்டிருக்கும்.

தைக் குளிரில் பத்து மணித் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றி, துணி சுற்றி, அம்மா நிற்கும் மலைக்கு நான் கொண்டுபோவேன். இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து காலோடு ஒட்டியிருக்கும். விரல் வெடிப்பெல்லாம் கொழுந்துக் கறை. வாங்கியதும் குடிக்கமாட்டார். இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வார், முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். கங்காணி சத்தம் கேட்டதும் இரண்டே மடக்கு. மீதியை என்னைக் குடிக்கச் சொல்லிவிட்டு நிரைக்குள் போய்விடுவார்.

அந்தக் கால்களை ஞாயிற்றுக்கிழமையும் ஆசைக்கு ஏறு என்று யார் சொல்வது? ஆனாலும் ஏறினார்கள், தங்கச்சி. யாத்திரை சீசன் தொடங்கினால் நல்லதண்ணி வழியாக, 2,243 மீட்டர் சிவனொளிபாத மலைக்கு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவோடிரவாகப் படியேறினார்கள். எங்கள் அம்மா நான்கு தடவை போனார். சப்பாத்து இல்லை, படம் எடுக்க ஆளும் இல்லை. நம் ஆட்கள் ஏறுவதில்லை என்று இனி எழுதாதே.

பங்குனியில் காலம் தெளியும். அதே நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போ. அந்த அம்மா அதே மலையில் நிற்கமாட்டார், கொழுந்து வாரத்துக்கு வாரம் சுற்றிவரும். கங்காணியைக் கேள், காட்டுவார். போகுமுன் அப்பாவிடம் அப்பாயியின் தோட்டம், டிவிசன், லயத்து நம்பர் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள். காலுறைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போ, அட்டை அவ்வளவாக ஏறாது.