குற்றம் செய்தவர் என்று தெரிந்தும் பாரிஸ்டர் வாதாடுவாரா?

இங்கிலாந்தில் கிரிமினல் வழக்குகளில் வாதாடும் பாரிஸ்டரின் தொழில் எப்படிப்பட்டது, கட்சிக்காரர் குற்றவாளி என்று தெரிந்தாலும் வாதாடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாதாடுவார். ஆனால் "நான்தான் செய்தேன்" என்று கட்சிக்காரர் அவரிடம் ஒத்துக்கொண்டுவிட்டால், "இவர் செய்யவில்லை" என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. பழியை வேறொருவர் மேல் திருப்பவும் கூடாது. அரசுத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம்: அந்த இருட்டில், அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரிந்ததா? நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு.

ஆளைப் பிடிக்கவில்லை என்று வழக்கைத் தள்ளவும் முடியாது. வாடகை வண்டி வரிசையில் முதலில் நிற்பவர் சவாரியை மறுக்கக் கூடாது அல்லவா, அதே விதிதான். 1792இல், மன்னராட்சியை எதிர்த்து எழுதியதற்காக வழக்கில் சிக்கிய எழுத்தாளர் தாமஸ் பெயினுக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின், அதனாலேயே வேல்ஸ் இளவரசரின் அட்டர்னி ஜெனரல் பதவியை இழந்தார். இந்தத் தொழில் மேல் எனக்கு மரியாதை வந்ததே அவரால்தான்.

சரி, பாதை எப்படி? சட்டப் படிப்பு, லண்டனில் 'இன்' எனப்படும் 4 பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராவது, பாரிஸ்டர் பயிற்சி, பிறகு மூத்தவரிடம் ஓராண்டு. முதல் ஆறு மாதம் கூடவே இருந்து கற்க வேண்டும். அடுத்த ஆறு மாதம் தானே வாதாடலாம். அப்புறம் பெரும்பாலும் சுயதொழில்தான், மாதச் சம்பளம் கிடையாது.

பல நாள் மறுநாள் வழக்கின் கட்டு முந்தைய சாயங்காலம்தான் கைக்கு வரும். ராத்திரி படித்துவிட்டு, காலையில் கோர்ட் லாக்கப்பில் கட்சிக்காரரை முதன்முதலாகப் பார்ப்பார். கட்டணம் பெரும்பாலும் அரசின் சட்ட உதவி நிதியிலிருந்து வருகிறது. அது கட்டுப்படியாகாமல்தான் 2022இல் வேலைநிறுத்தமே செய்தார்கள்.