மூன்றே நாளில் வந்த குழப்பத்துக்கு ஞாபக மாத்திரை எதற்கு?

கேள்வி: வீடுகளுக்குச் சென்று முதியோரைக் கவனிக்கும் செவிலியர் நான். 78 வயது மூதாட்டி ஒருவர் மூன்று நாட்களாக மகனை அடையாளம் காணாமல், இரவெல்லாம் பிதற்றுகிறார். டிமென்ஷியா எனும் மறதி நோய் என்றே முடிவுகட்டிய குடும்பத்தினர் ஞாபக மாத்திரை கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: மாத்திரை இப்போது வேண்டாம், இன்றே மருத்துவர் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அல்சைமர் போன்ற மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றுவது. சில நாட்களில் வந்து, பகலில் தெளிந்து இரவில் கூடும் குழப்பம் பெரும்பாலும் டெலிரியம், அதாவது வேறொரு உடல்கோளாறால் மூளை திடீரெனக் கலங்குவது. அதன் பின்னால் நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, சோடியம் அல்லது சர்க்கரைக் குறைவு, விழுந்து தலையில் பட்ட அடி என ஏதேனும் ஒளிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரை, சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் ஆகிய ஒவ்வொன்றும் முதியவரின் மூளையைக் கலக்கக்கூடியது. ஒவ்வொரு மருத்துவரும் ஒன்றைச் சேர்க்கிறார். முழுப் பட்டியலையும் பார்த்து ஒன்றை நிறுத்துவது யார் பொறுப்பு என்று எந்த மருத்துவமனையும் தீர்மானிப்பதில்லை, இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பட்டியலை எழுதி மருத்துவரிடம் நீங்களே கொடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். நாட்பட்ட தூக்க மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

இந்தக் கலக்கத்தில்தான் டானிக் விற்பவர்கள் வாசலுக்கு வருவார்கள். ஞாபக சக்திக்கென விற்கப்படும் ஜிங்கோ பைலோபா என்ற மூலிகைச் சாறு 3,000-க்கும் மேற்பட்ட முதியோரிடம் சோதிக்கப்பட்டது. அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் புட்டிகள் இன்றும் விற்கின்றன. நோயாளிகளை அனுப்பிவைத்துத் தரகு வாங்கும் இடைத்தரகரின் பரிந்துரையையும் ஏற்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கக் கூடாது. லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதி நோய் வகையிலும் தெளிவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இல்லாத மனிதர்களும் விலங்குகளும் துல்லியமாகக் கண்ணுக்குத் தெரியும், நடை தளர்ந்து உடல் விறைக்கும், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுவது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அதனால் அதை டெலிரியம் என்று எண்ணிவிடுவது எளிது. பிதற்றலை அடக்க ஹாலோபெரிடால் ஊசி போட்டால் இவர்களுக்கு உடல் கடுமையாக விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஊசிக்கு முன் அந்த உறக்கத்தைப் பற்றியும் மாயக்காட்சி பற்றியும் குடும்பத்தினரிடம் கேட்டு, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

குழப்பம் தணிந்து சில வாரங்கள் கழிந்த பிறகே நினைவாற்றல் சோதனை. அப்போதும் வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, டிமென்ஷியா உறுதியானால் டோனெபெசில் என்ற ஞாபக மாத்திரை பற்றி மருத்துவர் முடிவெடுக்கட்டும். அது நோயை நிறுத்தாது, சிலருக்குச் சிறிது காலம் கைகொடுக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் என்பதால், தொடங்கும் முன்பும் பின்பும் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள்.