தனியே விட்டால் அழும் நாய்க்குட்டி

கேள்வி: இரண்டரை மாத நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்து பத்து நாட்களாகின்றன. நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பும்போது கூண்டில் அடைத்தால், அக்கம்பக்கத்தார் குறை சொல்லும் அளவுக்குக் கத்துகிறது. என்ன செய்வது? – வாசகி, கோவை.

பதில்: தாயின் மடியிலும் கூடப் பிறந்த குட்டிகளின் கதகதப்பிலும் கிடந்த உயிர், திடீரென்று தனிமையில் விடப்பட்டதால்தான் அழுகிறது, அதைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்ட வேண்டாம். முதலில், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கூண்டின் கதவைத் திறந்து வைத்து, நீங்கள் உடுத்திய பழைய பருத்திப் புடவையை உள்ளே விரித்து, மூன்று வேளை உணவையும் அங்கேயே வையுங்கள். அது தானாக நுழைந்து, புடவையைக் காலால் பறண்டி, சுருண்டு படுக்கத் தொடங்கிய பிறகே கதவைச் சாத்த வேண்டும். முதல் நாள் ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பத்து என்று கூட்டி, அழுகை தொடங்குவதற்கு முன்பே திறந்துவிடுவது நல்லது. சாவியை எடுத்துச் செருப்பை மாட்டி, வாசல் வரை சென்று திரும்பி வருவதையும் பழக்குங்கள்.

இந்த வயதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது என்பதால், பகல் முழுவதும் அடைத்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நண்பகலில் யாரேனும் வந்து திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வழியில்லையெனில், கூண்டுக்குப் பதிலாக ஓர் அறையைத் தடுத்து, ஒரு மூலையில் செய்தித்தாளும் மறு மூலையில் தண்ணீரும் வையுங்கள்.