மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே இருக்கும் பே ஸ்லிப்

கேள்வி: எனக்கு 39 வயது. பிறந்தது பெரியகல்லாறு. கலியாணம் முடித்து தம்பிலுவிலில் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். அக்கரைப்பற்றில் ஓர் அரச கந்தோரில் கிளார்க் வேலை. ஆறேழு மாதமாக விடியச் சாமம் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, பிறகு நித்திரை இல்லை. நெஞ்சில் காரணமில்லாத படபடப்பு, பிடரி இறுக்கம், வயிற்றெரிவு. பிள்ளைகள் சத்தம் போட்டால் கத்திவிடுகிறேன். ஈசிஜி, பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை, ஸ்ட்ரெஸ்தான் என்கிறார் டொக்டர். கந்தோரில் ஆள் பற்றாக்குறை, மேலதிகாரி எதற்கும் எரிந்து விழுகிறவர், வெயில் வேறு, சாமான் விலை வேறு. இதற்குள் தங்கச்சியின் வீட்டு வேலைக்கு, கூரை போட இடர்கடனும் (அரச ஊழியருக்குக் கொடுக்கும் கடன்) டைல்ஸ் பதிக்க வங்கி லோனும் எடுத்தேன். மனைவிக்கு ஏன் வீண் கவலை என்று சொல்லவில்லை. கடனுக்கு வெட்டுவது தெரிந்துவிடும் என்று பே ஸ்லிப்பை மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைத்துவிடுவேன். போன மாதம் கை இறுக்கம், மனைவி தன் காப்பை அடகு வைத்துத்தான் மகளின் டியூசன் காசைக் கட்டினா. யோகாசனம், தியானம் பழகினால் சரிவருமா? நித்திரைக் குளிசை எடுக்கலாமா?
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. பெயர் வேண்டாம், தம்பிலுவில்)

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதத்தில் பாதிப் பக்கம் மேலதிகாரிக்குப் போயிருக்கிறது. வெயிலுக்கும் ஒரு பந்தி. பே ஸ்லிப்புக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரியை விட்டு நகரப் போவதில்லை.

எரிந்து விழுகிற மேலதிகாரியும் ஆள் பற்றாக்குறையும் கிழக்கிலங்கையில் பொத்துவில் தொடங்கி வாழைச்சேனை வரை எல்லாக் கந்தோரிலும் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் பலர் படுத்தால் விடியத்தான் எழும்புகிறார்கள். சாமத்தில் உங்களை எழுப்புவது அந்த மனிதர் இல்லை.

ஒரு துண்டுக் கடதாசியை மடித்துச் சீட்டுக்குக் கீழே வைக்க ஒரு நிமிஷம் போதும். அதைக் காக்க மாதம் முழுக்க வேண்டும். மச்சான் ஸ்பேனர் எடுக்கச் சீட்டைத் திறந்தால்? நீங்கள் குளிக்கும் நேரம் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்து, ஃபோன் மகளின் கையில் இருந்தால்? கல்லாற்றிலிருந்து தங்கச்சி கோல் எடுத்து, "அண்ணா இல்லாட்டி இந்த வீடு எழும்பியிராது மச்சாள்" என்று சந்தோஷத்தில் சொல்லிவிட்டால்? வீட்டில் யார் ஃபோன் அடித்தாலும் உங்கள் காது அங்கேதான் இருக்கும். இதைத்தான் நீங்கள் "காரணமில்லாத படபடப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சாகாமம் பக்கம் வயல் காவலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருட்டில் யானை வந்தால் உடம்பு யோசிக்க நிற்காது. சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடும். நெஞ்சு அடிக்கும், தசை இறுகும், இரத்தத்தில் சீனி ஏறும், சமிபாடு மந்தமாகும். யானை காட்டுக்குத் திரும்பிய பிறகு எல்லாம் தணிந்துவிடும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ அந்தக் கொஞ்ச நேரத்துக்கு என்று அமைந்த ஏற்பாடு அது. உங்கள் யானை வளவுக்குள் நிற்கிறது, தம்பி. அதற்கு நீங்களே காவலும் இருக்கிறீர்கள். பிறகு பிடரி எப்படி இளகும், வயிறு எப்படி ஆறும்? கோர்ட்டிசோல் இயல்பாகவே பின்னிரவில் ஏறத் தொடங்கும். நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு அது தெரியாது. அரைத் தூக்கத்தில் கிடக்கிறவன் அந்த நேரம் பார்த்து முழித்துக்கொள்வான். இது வருஷக்கணக்கில் நீண்டால் இன்று சரியாக இருக்கிற பிரஷர் நாளைக்கும் சரியாக இருக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள்.

இனி அந்தக் காப்பு. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். வீட்டில் காசு ஏன் முட்டுப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. தன் சிக்கனத்தில்தான் குறை என்று அவ நினைத்திருப்பா. கையிலிருந்து காப்பைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். "வீண் கவலை ஏன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவலை அவவுக்கு வந்துவிட்டது. காரணம் மட்டும்தான் போய்ச் சேரவில்லை. அவவின் கவலைக்கு நீங்கள் பயப்படவில்லை. அவவின் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

அந்தப் பயமும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் செய்தது களவா? எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அண்ணன் தம்பி உழைத்து அக்கா தங்கச்சிக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்வார்கள். நீங்கள் இன்று படுக்கிற வீட்டையும் மாமனாரோ மச்சான்மாரோ எங்கேயோ கடன்பட்டுத்தான் எழுப்பியிருப்பார்கள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, தங்கச்சிக்கு வீடு என்றால் என்ன என்று நீங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. தலை நிமிர்ந்து செய்யவேண்டிய கடமையைத் தலையைக் குனிந்து செய்திருக்கிறீர்கள். முதல் கடனுக்கு நான் உங்கள் பக்கம். இரண்டாவது கடனுக்கு இல்லை. வீடு கொடுப்பது வழக்கம். டைல்ஸ் பதித்துக் கொடுப்பது எப்போது வழக்கமானது? மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது குறைவாகத் தெரியக்கூடாது என்ற எண்ணத்துக்கு உங்கள் மகளின் டியூசன் காசு போயிருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, சீட்டுக்குக் கீழே இருக்கிற எல்லாத் துண்டையும் எடுத்து மாத ஒழுங்கில் அடுக்குங்கள். இரண்டு கடனிலும் எவ்வளவு மிச்சம், மாதம் எவ்வளவு வெட்டுகிறார்கள், எப்போது முடியும் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி அவ கையில் கொடுங்கள். தங்கச்சிக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டாம். மறைத்ததற்குக் கேளுங்கள். அவ அழுவா, இல்லாவிட்டால் இரண்டு நாள் பேசாமல் இருப்பா. பொறுத்துக்கொள்ளுங்கள். "உனக்காகத்தான் சொல்லல்ல" என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். மாமியை நடுவில் கூப்பிடவும் வேண்டாம். பிறகு இருவரும் கணக்குப் பாருங்கள். காப்பை மீட்பதுதான் முதல் வேலை. கடன் தவணை சம்பளத்தில் தானாக வெட்டுப்படும். அடகுக்கு வட்டி ஏறும், தவணை தப்பினால் ஏலத்துக்குப் போய்விடும்.

யோகாசனத்தையும் கேட்டீர்கள். செய்யுங்கள், நல்லதுதான். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட்டால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீயை நிறுத்துங்கள், தேயிலையில் இருக்கிற கஃபீன் மணித்தியாலக் கணக்கில் உடம்பில் தங்கும். நித்திரைக் குளிசையை டொக்டர் எழுதித் தராமல் பார்மசியில் வாங்கிப் போடாதீர்கள், சில குளிசைகள் பழக்கமாகிவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லி நாலைந்து கிழமை போயும் நித்திரை வராவிட்டால், அல்லது உயிரோடு இருப்பது எதற்கு என்ற நினைப்பு ஒரு தரமாவது தலைகாட்டினால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவு நேரமென்றால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்லாற்று வீட்டுக்கு இனி மதில், கேற் என்று பேச்சு வரும். வந்தால், இந்தக் கடன் முடியும்வரை முடியாது என்று தங்கச்சிக்கு நீங்களே சொல்லுங்கள். அதை உங்கள் மனைவியின் வாயால் சொல்லவைத்து அவவைக் கெட்டவளாக்காதீர்கள்.