சுழி பார்த்தது போதும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். சொந்த ஊர் பல்லடம் பக்கம். போன மாதம் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து எங்கள் எல்லோருக்கும் பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார்கள். எனக்கு ஐ.என்.எஃப்.பி. என்று நாலு எழுத்து வந்தது. உள்முகி (தனக்குள்ளேயே ஒதுங்கி இருப்பவர், இன்ட்ரோவர்ட்), கனவு காண்பவர், மோதலைத் தவிர்ப்பவர் என்று விளக்கம் போட்டிருந்தது. படித்தபோது யாரோ என்னைப் பக்கத்திலேயே இருந்து பார்த்து எழுதியது போலிருந்தது. ஆனால் அடுத்த வாரமே பையர் மீட்டிங் பொறுப்பு என்னைவிட ஜூனியரான ஒருவருக்குப் போய்விட்டது. "உங்க டைப்புக்கு அது செட் ஆகாதுங்க" என்று மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார். போன சீசனில் ஓர் ஆர்டருக்கு ஷேடு மாறி வந்தபோது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சாயப்பட்டறையில் போய் நின்று சண்டை போட்டு மறுபடி ஓட்ட வைத்தது நான்தான். அது வேறு விஷயம்.

அதற்கப்புறம் நிறையப் படித்தேன். ஃப்ராய்டு, யுங், மாஸ்லோ, ஐந்து பண்புக் கொள்கை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. குணம் பிறவியிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா? எந்தக் கொள்கை சரி? ஃப்ராய்டு சொல்வதுபோல ஐந்தாறு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறதா? என் மகனுக்கு ஆறு வயது. புது ஆட்களிடம் பேசமாட்டான். இணையத்தில் குழந்தைகளுக்கான டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். அவனும் உள்முகி என்றே வந்தது. 'இவன் இன்ட்ரோவர்ட், மேடையேற்ற வேண்டாம்' என்று ஸ்கூல் டைரியில் எழுதி அனுப்பிவிட்டேன். செய்தது சரிதானே?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

*

அன்புள்ள அம்மிணி,

'அது வேறு விஷயம்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே விஷயம் அதுதான்.

கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். வந்த பயோடேட்டா ஒன்றில் ராசி, நட்சத்திரம், கூட்டம், குலதெய்வம் எல்லாம் போட்டு, அதற்குக் கீழே இந்த நாலெழுத்தும் இருந்தது. பையனின் அம்மா என்னிடம் வந்து, "இது பொருந்துமாங்க?" என்று கேட்டார். பத்துப் பொருத்தம் பார்த்து முடித்தவர்கள் பதினொன்றாவதாக இதையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இந்த நாலெழுத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். யுங் என்ற சுவிஸ் உளவியலாளர் 1921ல் மனிதர்களை உள்முகம், வெளிமுகம் என்று பிரித்து ஒரு பெரிய நூல் எழுதினார். முழு உள்முகி, முழு வெளிமுகி என்று உலகத்தில் ஒருவரும் இல்லை என்பதையும் அவரேதான் சொன்னார். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் அதைக் கேள்வித்தாளாக ஆக்கினார்கள். இரண்டு பேரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. இரண்டாம் உலகப்போர் காலம். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் தங்களுக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடிக்க உதவலாம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தார்கள். அந்த எண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன். அளவுகோலைத்தான் குறை சொல்கிறேன்.

எப்படி அளக்கிறார்கள்? உள்முகமா வெளிமுகமா என்று பார்க்க இருபத்தொரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினொன்று இந்தப் பக்கம் விழுந்தால் உள்முகி. பத்து விழுந்தால் வெளிமுகி. இந்தப் பண்பில் பெரும்பாலான மனிதர்கள் நடுவில்தான் கூடி நிற்கிறார்கள், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் பேர்தான். கூட்டம் எங்கே அதிகமோ அந்த இடத்திலேயே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு ஜாதி, அந்தப் பக்கம் இன்னொரு ஜாதி என்று பிரித்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பதினொன்று, அந்த ஜூனியருக்குப் பத்து என்று இருந்திருக்கலாம். வித்தியாசம் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு நீங்கள் வேறு பதில் எழுதியிருப்பீர்கள். ஆனால் உங்களையும், இருபத்தொன்றுக்கும் 'ஆள் வேண்டாம்' என்றே எழுதிய ஒருவரையும் ஒரே எழுத்தில் அடைக்கிறது அந்தத் தாள். பத்து வாங்கியவருக்கும் பதினொன்று வாங்கியவருக்கும் நடுவே சுவர், பதினொன்றுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே ஒன்றுமில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேனேஜரைப் போலப் படித்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் நாலில் ஓர் எழுத்தாவது மாறிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நடுவில் கோடு போட்டால் வேறென்ன ஆகும்? ஆளைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்தச் சோதனையை விற்பவர்களே சொல்கிறார்கள். அதை மேனேஜரிடம் தன்மையாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

'பக்கத்திலேயே இருந்து பார்த்து எழுதியது போலிருந்தது' என்கிறீர்கள். 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு தாளில் முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். பெட்டிக்கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் எடுத்து எழுதிய வரிகள். 'சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கிவிடுவீர்கள்' என்கிற மாதிரி. இது யாருக்குத்தான் பொருந்தாது?

இனி அந்தச் சாயப்பட்டறைக்கு வருகிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஆண்கள் மட்டுமே நிற்கிற இடத்தில் போய் நின்று, ஷேடு கார்டைக் காட்டிச் சண்டை போட்டு ஜெயித்த பெண்ணை 'மோதலைத் தவிர்ப்பவர்' என்று ஒரு தாள் சொல்கிறது. நீங்களும் தாளை நம்பிவிட்டு, செய்ததை 'வேறு விஷயம்' என்று ஒதுக்கிவைக்கிறீர்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஒரு சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போய் ஒற்றை மாடு பிடித்து வந்தார். ஜோடியில் ஒன்று செத்துப்போயிருந்தது. காங்கேயம் மாடு வாங்குகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதலில் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். அப்புறம் தோலில் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று நெற்றியிலிருந்து வால்வரை தடவித் தடவித் தேடுவார்கள். இந்த இடத்தில் இருந்தால் யோகம், அந்த இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது. அந்த மாட்டுக்குக் காலில் விலங்குச் சுழி. வாங்கியவன் ஜெயிலுக்குப் போவான் என்பார்கள். அதனால் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசக்கூட ஆள் வராமல் நின்றிருந்தது. அப்பாரு சல்லிசாகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் கவலையில் பூட்டினார்கள். கவலை இறைப்பது இன்றைக்கு உங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுக் கிணற்றிலிருந்து சால் மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் மாடு முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்னால் நடந்து மேடேற வேண்டும். இந்த மாடு இறங்கும், ஏறாது. நாலு காலையும் ஊன்றி நின்றுகொள்ளும். வாலை முறுக்கினாலும் அசையாது. சுழி பார்த்தவர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. சண்டி மாடு, சண்டி மாடு என்று ஊரே சொன்னது. அடுத்த மாதம் அதையே வண்டியில் பூட்டினார்கள். பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்குப் போகும் வண்டி. வண்டிக்காரர் மூட்டைமேல் தூங்கிவிடுவார். மாடு தானாக ஓரம் கட்டும், மேட்டில் மூச்சுப் பிடித்து இழுக்கும், சாட்டையே தேவைப்படவில்லை. "மாடு சண்டியில்லீங்க. பின்னால நடக்க அதுக்குப் புடிக்கல, அவ்வளவுதான்" என்று அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஜெயிலுக்கெல்லாம் போகவில்லை.

அப்பாரு சொன்னதை வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1968ல் ஒரு நூலாகவே எழுதினார். கேள்வித்தாளில் ஒருவர் வாங்கும் மார்க்குக்கும், குறிப்பிட்ட ஓர் இடத்தில் அவர் நடந்துகொள்வதற்கும் உள்ள ஒட்டுறவு (முழுதாக ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0) பெரும்பாலும் 0.3ஐத் தாண்டவில்லை என்று காட்டினார். உளவியல் உலகமே கலங்கிப்போனது. அதற்கும் முன்னால், 1920களில், ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். பரீட்சையில் காப்பியடித்த பிள்ளை விளையாட்டிலும் ஏமாற்றும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியானால் குணம் என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. சேமூர் எப்ஸ்டைன் 1979ல் காட்டினார்: ஒரு நாளை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, பல நாள் நடத்தையைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஆள் தெளிவாகத் தெரிகிறார். மிஷலும் பின்னாளில் இன்னும் ஆழமாகப் போனார். ஒருவர் எந்த இடத்தில் பேசுவார், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார் என்கிற அந்த ஏற்ற இறக்கமே அவருக்கென்று நிலையாக இருக்கிறது, அதுதான் அவருடைய கையெழுத்து என்றார். ஆட்கள் கூடிச் சிரித்துப் பேசும் இடத்தில் நீங்கள் ஒதுங்கலாம். வேலை கெட்டுப்போகிறது என்றால் யார் எதிரிலும் நிற்பீர்கள். பையர் மீட்டிங்கில் தேவைப்படுவது இதில் எது?

ஐந்து பண்புக் கொள்கை இவற்றையெல்லாம்விட எவ்வளவோ மேல். 1936ல் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியை அலசி, மனிதர்களைப் பற்றிச் சொல்லும் ஏறக்குறைய 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றைக் கணக்குப் போட்டுச் சுருக்கிச் சுருக்கி ஐந்தில் நிறுத்தினார்கள்: புதியதை நாடுவது, பொறுப்பு, வெளிமுகம், இணக்கம், மனநிதானம். அதில் பெட்டி கிடையாது, கூடக் குறைய என்கிற அளவு மட்டும்தான். ஆனால் பொலிவியாவில் சிமானே என்ற காட்டு விவசாயிகளிடம் சோதித்தபோது அந்த ஐந்து அப்படியே கிடைக்கவில்லை என்று 2013ல் ஓர் ஆய்வு வந்தது. பிறவியா வளர்ப்பா என்று கேட்டீர்கள். மனிதர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் பாதி பிறவியோடு வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. சரி, மாஸ்லோவை விட்டுவிடுங்கள், அவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் இல்லை. ஃப்ராய்டைப் பற்றி இன்னொரு நாள். ஐந்தாறு வயதில் எல்லாம் முடிகிறதா என்பதற்கு மட்டும் சொல்கிறேன்: முடிவதில்லை. இருபதிலிருந்து நாற்பதுக்குள் பொறுப்பும் மனநிதானமும் சராசரியாகக் கூடுகின்றன என்று நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்களைத் திட்டப்போகிறேன். உங்களுக்கு ஒட்டிய சீட்டு பிடிக்காமல் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதே சீட்டை ஆறு வயதுப் பிள்ளையின் முதுகில் நீங்களே ஒட்டி, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியிருக்கிறீர்களே, கை எப்படி வந்தது? அந்த டெஸ்டுக்குப் பதில் எழுதியது யார்? அவனா, நீங்களா? உங்கள் மேனேஜர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவனுக்குச் செய்துவிட்டீர்கள். அவராவது வாயால் சொன்னார், நீங்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள்.

தாமஸ், செஸ் என்ற கணவன் மனைவி 1956ல் தொடங்கி நியூயார்க்கில் 133 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். எளிதாகப் பழகுகிறவர்கள் 40 சதவீதம், சிரமப்படுத்துகிறவர்கள் 10, மெல்ல மெல்லப் பழகுகிறவர்கள் 15. மீதி 35 சதவீதம் எந்த வகையிலும் அடங்கவில்லை. அடங்காததை அடங்கவில்லை என்றே எழுதிவைத்தார்களே, அதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை. உங்கள் மகன் மெல்லப் பழகும் பிள்ளையாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையை அவசரப்படுத்தித் தள்ளினால் சுருங்குவான், பழகவே விடாமல் பொத்தி வைத்தாலும் சுருங்குவான். அவன் வேகத்துக்கு ஈடுகொடுத்து, திரும்பத் திரும்ப வாய்ப்புக் கொடுக்கிற பெரியவர்கள் சுற்றிலும் வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே புதியவற்றுக்கு மிரண்ட பிள்ளைகளை ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் பலர் வளர்ந்தபின் கூச்சக்காரர்களாக நிற்கவில்லை.

பிள்ளையை நினைத்துப் பயந்துதான் எழுதினீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சின்ன வயதில் உங்களை யாரோ மேடையில் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவனை உங்கள் கண்ணால் பாருங்கள், அம்மிணி. அம்மாயி வீட்டில் எப்படி இருக்கிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு எப்படி, தெருநாயிடம் எப்படிப் பேசுகிறான், பாட்டுப் பாடச் சொன்னால் எத்தனையாவது தடவை பாடுகிறான் என்று ஒரு பருவம் முழுக்கக் கவனியுங்கள்.

நாளைக்கே லீவு போட்டுவிட்டு வகுப்பு டீச்சரை நேரில் பாருங்கள். டைரியில் எழுதியதை அடித்துவிடுங்கள். "புது இடத்துல பழகக் கொஞ்ச நாள் ஆகுங்க. முதல் தடவை மாட்டேன்னா விட்டுருங்க. ஆனா அடுத்த தடவையும் கூப்பிடுங்க, கூப்பிடாம மட்டும் இருந்துராதீங்க" என்று சொல்லுங்கள். மேனேஜரிடம் அந்த ஷேடு ஆர்டரின் நம்பரைச் சொல்லி, அடுத்த பையர் வரும்போது ஒரே ஒரு மீட்டிங்கில் உட்கார இடம் கேளுங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள். நன்றாக நடக்காவிட்டாலும் எழுதுங்கள்.